காப்ரிகார்ன் ஒன்: ஒன்பதாம் வகுப்புக்குப் போட்டுக் காட்டலாமா?

குடியாத்தம் டீச்சர்
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் அவ்வப்போது ஒரு படம் திரையிடுவோம். போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "மிஸ், நிலாவுக்குப் போனதே செட்டு போட்டு எடுத்ததுதானே, வீடியோவே இருக்கே" என்றான். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஒரு துண்டு. சிவப்பு மண், ஓர் இறங்குகலம், சுற்றிலும் விளக்குகள், கேமரா, வேலையாட்கள். பார்த்ததுமே தெரிந்தது, அது நிலா இல்லை, செவ்வாய். 'காப்ரிகார்ன் ஒன்' படத்தின் காட்சி. வெறுமனே "அது சினிமாடா" என்று சொல்லி உட்கார வைக்க மனமில்லை. முழுப் படத்தையும் போட்டுக் காட்டிப் பேசலாமா, இல்லை, அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றின கதையாகிவிடுமா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டை அகழி
தாராளமாகப் போடலாம் டீச்சர். கதை தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போங்கள்.

பீட்டர் ஹயாம்ஸ் எழுதி இயக்கியது. 1977ல் எடுத்து 1978ல் அமெரிக்காவில் வெளிவந்தது. செவ்வாய்க்கு மூன்று பேர் கிளம்ப வேண்டும். ராக்கெட் புறப்படச் சில நிமிடங்கள் இருக்கும்போது கதவைத் திறந்து மூவரையும் இறக்கிவிடுகிறார்கள். விமானத்தில் ஏற்றிப் பாலைவனத்தில் கைவிடப்பட்ட ராணுவத் தளம் ஒன்றுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கேதான் டீச்சர் சொன்ன அந்தச் செட்டு. உயிர்காப்புக் கருவி பழுது, போயிருந்தால் செத்திருப்பீர்கள், திட்டத்தை ரத்து செய்தால் நாசாவையே இழுத்து மூடிவிடுவார்கள், அதனால் நடியுங்கள் என்கிறார் திட்டத் தலைவர் கெல்லோவே. மறுத்தால் வீட்டிலுள்ளவர்கள் உயிரோடு இருக்க மாட்டார்கள்.

ஆனால் ராக்கெட் நிஜமாகவே போகிறது, ஆளில்லாமல். திரும்பி வரும்போது வெப்பக் கவசம் கழன்று கலம் எரிந்துவிடுகிறது. அப்போதுதான் மூவருக்கும் உறைக்கிறது: உலகத்தைப் பொறுத்தவரை நாம் இறந்துவிட்டோம், இனி உயிரோடு வெளியே போகவே முடியாது. அதற்கப்புறம் படம் பாலைவனத்துத் துரத்தல்.

ஜெரி கோல்ட்ஸ்மித்தின் இசை ஒன்றுக்காகவே பெரிய ஸ்பீக்கரில் போடுங்கள்.

பாலாறு பாலா
ஆற்றில் தண்ணியே இல்லாமல் எங்கள் ஊரில் பாலம் இருக்கிறது. ஆளே இல்லாமல் ராக்கெட் போகக் கூடாதா? இன்னா நைனா இதுக்குப் போய் ஆச்சரியப்படுறீங்க.

உண்மை விளம்பி
பையன் கேட்டதில் என்ன தப்பு டீச்சர்? நெருப்பில்லாமல் புகையுமா? இந்தப் படத்துக்கு நாசாவே கருவிகள் கொடுத்து உதவியது, தெரியுமா? தன்னைப் பற்றி இப்படிப் படம் எடுப்பவனுக்கு எவனாவது உதவுவானா? 'நாங்கள் நிலாவுக்குப் போகவே இல்லை' என்று பில் கேசிங் புத்தகம் போட்டது 1976ல். மறு வருஷமே படம். யோசித்துப் பாருங்கள்.

கோட்டை அகழி
யோசித்தாயிற்று நண்பரே. கேசிங்குக்கு முன்பே, 1972 வாக்கிலேயே ஹயாம்ஸ் இந்தக் கதையை எழுதிவிட்டார். அவர் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியின் செய்திப் பிரிவில் இருந்தவர். அப்போலோ ஒளிபரப்பில் வேலை செய்தபோது அவருக்கு வந்த யோசனை இது: இவ்வளவு பெரிய நிகழ்ச்சிக்கு நேரில் பார்த்த சாட்சி கிட்டத்தட்ட யாருமே இல்லை, எல்லோரும் நம்புவது ஒரு கேமராவை. 'போகவில்லை' என்று அவர் சொல்லவில்லை. 'டி.வி.யில் வந்தாலே உண்மையா?' என்று கேட்டார். முதலில் யாரும் பணம் போட வரவில்லை. அதிபர் நிக்சனின் வாட்டர்கேட் ஊழல் வெடித்து, அரசாங்கம் என்றால் பொய் சொல்லும் என்று ஜனங்களுக்குப் பழகின பிறகுதான் படம் நகர்ந்தது.

நாசா உதவியது உண்மை. ஒளிக்க விஷயம் இருப்பவன் செட்டுக்குச் சாமான் கொடுப்பானா? உங்கள் கேள்வியையே நான் திருப்பிக் கேட்கிறேன்.

ரேடியோ தாத்தா
எனக்குப் பிடித்தது நடிகர்கள் யாரும் இல்லை. கட்டுப்பாட்டு அறையில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் விட்டர் என்ற அந்தச் சின்னத் தொழில்நுட்ப ஆள். டி.வி. சிக்னல் செவ்வாயிலிருந்து வருவதாக எல்லோரும் கைதட்டுகிறார்கள். இவன் தன் கருவியைப் பார்த்து, "இது பக்கத்தில் சில நூறு மைலிலிருந்து வருகிற மாதிரி இருக்கிறதே" என்று மேலதிகாரியிடம் போய்ச் சொல்கிறான். கருவியில்தான் கோளாறு என்று அனுப்பிவிடுகிறார்கள். பிறகு ஆளே காணோம். நிருபர் நண்பன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், அங்கே வேறு ஒரு பெண், 'நான்தான் பல வருஷமாக இங்கே குடியிருக்கிறேன்' என்கிறாள்.

டீச்சர், உங்கள் வகுப்புக்கு வேண்டிய பாடம் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது. ரேடியோ அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும். நிலா 3.84 லட்சம் கிலோமீட்டர் தூரம். ஒரு வார்த்தை போக 1.3 நொடி, பதில் வர இன்னொரு 1.3. அப்போலோ ஒலிப்பதிவைக் கேட்டால் ஹூஸ்டன் கேள்வி கேட்டு முடித்ததும் அந்த இடைவெளி காதில் விழும். செவ்வாய் அப்படியில்லை. ரொம்பப் பக்கம் வந்தாலே சுமார் 5.5 கோடி கிலோமீட்டர், 3 நிமிடம். எதிர்ப்பக்கம் போய்விட்டால் 40 கோடி, 22 நிமிடம். '30 கோடி கிலோமீட்டரில் இருக்கும்போது ஹலோ என்றால் பதில் எப்போது வரும்?' என்று பிள்ளைகளைக் கேளுங்கள். போக ஆயிரம் நொடி, வர ஆயிரம். அரை மணி நேரத்துக்கும் மேல்.

அப்புறம் இன்னொன்று. பூமி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் விண்வெளித் தொடர்புக்கு நாசா கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மாட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பெரா என்று மூன்று இடத்தில் பெரிய ஆன்டெனா வைத்திருக்கிறது. ஒன்று மறைந்தால் அடுத்தது பிடிக்கும். பாலைவனத் தளத்திலிருந்து அனுப்பும் சிக்னல் கான்பெராவின் தட்டில் எப்படி விழும்? தட்டு செவ்வாயைப் பார்த்து நிற்கிறதே! ஆஸ்திரேலியாக்காரனையும் ஸ்பெயின்காரனையும் சேர்த்து வாயடைக்க வேண்டும். படம் இந்த இடத்தில் நைசாக நழுவிவிடுகிறது.

உண்மை விளம்பி
தாத்தா, ஆளில்லாத கலத்திலிருந்தே பதிவு செய்த வீடியோவைத் திருப்பி அனுப்பினால் தட்டு அதைப் பிடிக்குமா பிடிக்காதா?

ரேடியோ தாத்தா
சபாஷ் தம்பி! பிடிக்கும். கெல்லோவேக்கு நீங்கள் வேலை செய்திருந்தால் விட்டர் கண்டுபிடித்திருக்க மாட்டான். ஆனால் பதிவு பேசும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாது. தரையிலிருந்து எதிர்பாராமல் ஒன்று கேட்டால் மாட்டிக்கொள்ளும்.

அப்போலோ 11 போனபோது ரஷ்யாக்காரன் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவனுடைய ஆளில்லாக் கலம் லூனா 15 அதே 1969 ஜூலையில் நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் ரேடியோ தொலைநோக்கி இரண்டையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. லூனா நிலாவில் மோதி சிக்னல் நின்றதையும் அங்கே பதிவு செய்தார்கள். போட்டியாளனுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைத்திருக்குமா? வாயைத் திறக்கவே இல்லை.

ஆலங்காயத்தான்
எங்கள் மலையைப் பற்றி யாருமே பேசவில்லை என்பதால் நான் வருகிறேன். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம். பழைய வட ஆற்காடு, அப்புறம் வேலூர், 2019க்குப் பிறகு திருப்பத்தூர் மாவட்டம். பலகைதான் மாறியது, தொலைநோக்கி அதே இடத்தில்தான் நிற்கிறது.

இந்தப் படம் எடுத்த அதே 1977ல், மார்ச் 10ஆம் தேதி இரவு, யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போனது. காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி சட்டென்று மங்கித் திரும்பியது. அமெரிக்காக்காரர்கள் ஒரு விமானத்தில் தொலைநோக்கியை ஏற்றி இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்தபடி இதையே பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் பெர்த்திலும் பார்த்தார்கள். தனித்தனியாக எடுத்த கணக்கு ஒத்துப்போனது. யுரேனஸுக்கு வளையம் இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், வானத்தில் நடப்பதை ஒரே ஆள் மட்டும் பார்க்க முடியாது. படத்தில் எல்லாம் ஒரே கட்டடத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதனால்தான் ஒரு கெல்லோவேயால் ஆட்டிவைக்க முடிகிறது.

நிலாவுக்கும் இந்தியச் சாட்சி உண்டு. சந்திரயான் 1 எடுத்த படங்களில், அப்போலோ 15 இறங்கிய இடத்தில் மண் கலைந்து வெளுத்திருப்பதை நம் இஸ்ரோ விஞ்ஞானிகள் கண்டார்கள். சந்திரயான் 2 சுற்றுகலத்தின் கேமராவில் அப்போலோ 11 விட்டுவந்த இறங்குகலத்தின் அடிப்பகுதியே தெரிகிறது. அமெரிக்காக்காரன் சொல்லி நம்ப வேண்டியதில்லை.

டீச்சர், சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுவார்கள். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வாருங்கள், மழைக்காலத்தில் வேண்டாம். 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிள்ளைகள் ஒரு தடவையாவது அண்ணாந்து பார்க்கட்டும்.

காட்பாடி மாணவன்
படத்தில் இன்னொரு காட்சி. வீரர் ஏணியிலிருந்து செவ்வாய் மண்ணில் குதிக்கும்போது படத்தை மெதுவாக ஓடவிடுகிறார்கள், ஈர்ப்பு குறைவாகத் தெரிவதற்காக. இதை வகுப்பிலேயே செய்யலாம் மேடம். பூமியின் ஈர்ப்பு முடுக்கம் 9.8, செவ்வாயில் 3.7. வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 1.6. அதாவது ஒரு பையன் பெஞ்சிலிருந்து குதிப்பதைப் போனில் எடுத்து 0.6 வேகத்தில் ஓட்டினால், செவ்வாயில் குதிப்பது மாதிரியே விழுவான். நிலாவுக்கு 0.4.

அடுத்ததாக ஒரு கைப்பிடி மணலை வீசச் சொல்லி அதையும் எடுங்கள். எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் மணலோடு வரும் புழுதி காற்றில் மிதந்து நிற்கும். அப்போலோ 16ல் வண்டி ஓட்டும் காட்சியில் சக்கரம் வாரியடிக்கிற தூசி மேகமாக நிற்காது. வளைந்து போய்க் கல் மாதிரி அப்படியே கீழே விழும். காற்று இல்லாத இடத்தில்தான் அது முடியும். 1971ல் டேவிட் ஸ்காட் நிலாவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாகப் போட்ட காட்சியும் அதேதான். அதற்குச் செட்டு போட வேண்டுமென்றால் ஸ்டுடியோ முழுக்கக் காற்றை உறிஞ்ச வேண்டும்.

உண்மை விளம்பி
சரி, நிலாவை விடுங்கள். 1976ல் நாசாவின் ஆளில்லாக் கலம் வைக்கிங் 1 செவ்வாயில் இறங்கியது. முதல் வண்ணப் படத்தில் வானம் நீலம். உடனே மாற்றி இளஞ்சிவப்பு என்றார்கள். எதை நம்புவது?

ரேடியோ தாத்தா
கேமரா நிறத்தைப் பார்ப்பதில்லை தம்பி, தனித்தனி வடிகட்டியில் வெளிச்சத்தின் அளவை அனுப்புகிறது. கீழே உட்கார்ந்து கலக்குகிறவர்கள் முதலில் பூமி வானத்துப் பழக்கத்தில் கலந்துவிட்டார்கள். கலத்தின் மேலேயே நிற அட்டை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். அதை வைத்துச் சரிபார்த்ததும் திருத்தினார்கள், அதுவும் ஊரறிய. செட்டு போட்டவனாக இருந்தால் முதல் நாளே சிவப்பு பெயின்ட் அடித்திருப்பான்.

பாலாறு பாலா
ஆமாம், அந்த மூன்று பேரில் ஒருவர் ஓ.ஜே. சிம்சனா? கொலை வழக்கில் டி.வி.யே கதியென்று அமெரிக்காவை உட்கார வைத்தாரே, அவரா?

கோட்டை அகழி
அவரேதான். கால்பந்து வீரராக இருந்து நடிக்க வந்தவர். இதில் அவருக்குப் பெரிய வேலை இல்லை. மூவரில் இன்னொருவராக வரும் சாம் வாட்டர்ஸ்டனைக் கவனியுங்கள். தண்ணீர் இல்லாமல் செங்குத்தான பாறையில் ஏறிக்கொண்டே, தன்னைத் தானே தேற்றிக்கொள்ள ஒரு நீளமான ஜோக் சொல்லிக்கொண்டு போவார். நாமும் சிரித்துக்கொண்டே கூட ஏறுவோம். உச்சியில் கையை வைக்கும்போது அங்கே யார் காத்திருக்கிறார்கள் என்பதுதான் அந்தக் காட்சி. வெயில் நேரத்தில் சாயிநாதபுரம் பக்கத்து மலைப் பாறையைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

துரத்துகிற இரண்டு ஹெலிகாப்டர்களும் அப்படித்தான். ஓட்டுபவர் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். இரண்டும் அந்தரத்தில் நின்று, மூக்கைத் திருப்பி ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். கழுகுகள் கலந்து பேசுகிற மாதிரி இருக்கும்.

ராணிப்பேட்டை ரசிகை
எல்லோரும் ராக்கெட்டையும் சிக்னலையும் பேசுகிறீர்கள். எனக்கு இந்தப் படம் ஆரம்பத்திலேயே முடிந்துவிடுகிறது, கெல்லோவேயின் பேச்சில். அந்த உயிர்காப்புக் கருவியைச் செய்த கம்பெனி லாபத்துக்காக மட்டமாகச் செய்துவிட்டது, கண்டுபிடித்தபோது நேரம் கடந்துவிட்டது என்கிறார். படம் முழுக்க நடக்கும் கொலைக்கெல்லாம் மூல காரணம் அந்த ஒரு சாமான்.

நான் வெல்டிங் தரப் பரிசோதனையில் இருப்பவள். ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) ஆர்.டி. (வெல்டுக்கு எடுக்கும் எக்ஸ்ரே மாதிரி) எடுத்த பிலிமைப் பார்க்கிறேன், வெல்டுக்குள் கோடு மாதிரி ஒரு விரிசல். வெட்டி எடுத்து மறுபடி வெல்டு அடித்து மறுபடி பிலிம் எடுக்க வேண்டும். லாரி வாசலில் நிற்கிறது. "எவ்வளவோ ஜாயின்ட், ஒன்றுதானேம்மா, கையெழுத்துப் போடும்மா, அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார் மேலே இருப்பவர். குரல்கூட உயர்த்தவில்லை. கெல்லோவேயும் அப்படித்தான், ரொம்பப் பாசமாகப் பேசுவார். நண்பர்களே என்பார், நம் கனவு என்பார், கண் கலங்குவார். கடைசியில்தான் மனைவி மக்கள் பெயர் வரும்.

நான் கையெழுத்துப் போடவில்லை. வேறு ஒருவர் போட்டார்.

நிலா பொய்யா நிஜமா என்பதைவிட இதைப் பிள்ளைகளிடம் பேசுங்கள் டீச்சர். பொய் என்றைக்கும் ஸ்டுடியோவில் ஆரம்பிப்பதில்லை, தேதிக்குள் முடிக்க வேண்டும் என்ற இடத்தில் ஆரம்பிக்கிறது.

குடியாத்தம் டீச்சர்
ரசிகை, இதைப் படித்துவிட்டு மறுபடி அந்தப் பேச்சை மட்டும் போட்டுப் பார்த்தேன். அப்போலோ 17 போனபோது, பழைய தொடரின் மறு ஒளிபரப்பை நிறுத்திவிட்டீர்களே என்று ஜனங்கள் போன் செய்து சண்டை போட்டார்கள் என்கிறாரே, அந்த ஆதங்கம் நிஜம்தான். 1972 டிசம்பரோடு நிலாவுக்கு மனிதர் போவதே நின்றது. அடுத்த மூன்று பயணங்களை அதற்கு முன்பே ரத்து செய்திருந்தார்கள். வில்லன் பேசுவதில் பாதி உண்மை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

2019 செப்டம்பர் 7 விடியற்காலையில் சந்திரயான் 2ன் விக்ரம் இறங்குகலத்தின் தொடர்பு அறுந்ததை நாடே நேரலையில் பார்த்தது. அந்த அறையில் இருந்த முகங்களைப் பார்த்தோம். மறைக்க நினைப்பவர்கள் கேமராவை அணைத்திருப்பார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான் 3 இறங்கியபோது என் வகுப்பில் நம்பாதவன் ஒருவனும் இல்லை. முதல் தடவை விழுந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள்.

உண்மை விளம்பி
தோல்வியைக் காட்டினால் வெற்றியும் உண்மை என்று ஆகிவிடுமா டீச்சர்? இருந்தாலும் இந்த வாதம் பரவாயில்லை. என் கேள்வி வேறு. விட்டர் மாதிரி ஒருவன் கண்டுபிடித்துச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? பைத்தியம் என்பீர்கள். என்னை இங்கே எப்படிப் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

கோட்டை அகழி
இது நல்ல கேள்வி. இதற்கு நம் வேலூர்க் கோட்டையிலேயே பதில் இருக்கிறது. 1806 ஜூலை 10 விடிவதற்கு முன் சிப்பாய்கள் எழுந்தார்கள், எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தின மாதமே முஸ்தபா பேக் என்ற சிப்பாய் கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், இப்படி ஒரு சதி நடக்கிறது என்று சொல்லிவிட்டான். ஃபோர்ப்ஸ் என்ன செய்தார்? விசாரிக்கச் சொல்லி இந்திய அதிகாரிகள் குழுவிடமே ஒப்படைத்தார். அவர்கள் ஒரே வாயாக 'இவனுக்குப் பைத்தியம்' என்று எழுதிக் கொடுத்து அவனைச் சிறையில் போட்டார்கள். அவன் காட்டிக்கொடுத்தது சரியா என்பது வேறு சண்டை, அதற்கு இங்கே தனி இழையே ஓடுகிறது. ஆனால் சொன்னது உண்மை.

ஆக, பைத்தியம் என்று சொல்லப்படுகிறவன் சில சமயம் சரியாகச் சொல்வான். ஆனால் முஸ்தபா பேக் நேரில் தெரிந்ததைச் சொன்னான். விட்டர் தன் கருவி காட்டிய எண்ணைச் சொன்னான். இரண்டும் போய்ச் சரிபார்க்கக்கூடிய விஷயங்கள். வாட்ஸ்அப்பில் வரும் துண்டுக்கு அந்த வசதி இல்லை. அது வேறொரு சினிமாவிலிருந்து வெட்டினது என்று டீச்சர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டாரே.

உண்மை விளம்பி
எண் கேட்கிறீர்கள். சரி, காவலூருக்கு எப்போது போகிறீர்கள் என்று சொல்லுங்கள், நானும் வருகிறேன். கேள்வி கேட்பேன், தடுக்கக் கூடாது.

ஆலங்காயத்தான்
தாராளமாக வாருங்கள். அங்கே இருப்பவர்களுக்குக் கேள்வி கேட்கும் ஆட்களைத்தான் பிடிக்கும். மலையில் ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் மறக்காதீர்கள்.

குடியாத்தம் டீச்சர்
முடிவு செய்துவிட்டேன். விட்டர் காட்சி வரை ஓட்டிவிட்டு நிறுத்தி, தாத்தாவின் கணக்கைக் கொடுக்கப் போகிறேன். பிறகு காட்பாடித் தம்பியின் மணல் சோதனை மைதானத்தில். மிச்சப் படம் மறுநாள். ஒரு சந்தேகம்: கடைசியில் இரங்கல் கூட்டத்துக்கு மூவரில் ஒருவரான ப்ரூபேக்கரும் நிருபரும் ஓடி வருவதோடு படம் நின்றுவிடுகிறதே, கெல்லோவே என்ன ஆனார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். என்ன சொல்வது?

கோட்டை அகழி
ஒன்றும் சொல்ல வேண்டாம். செத்துப்போனதாகச் சொன்னவன் உயிரோடு ஓடி வருவதை அத்தனை கேமராவும் படம் பிடிக்கிறது. கேமராவால் கட்டின பொய் கேமராவாலேயே உடைகிறது. அதற்குமேல் நீதிமன்றம், தண்டனை என்று இழுத்திருந்தால் கெட்டிருக்கும்.

ராணிப்பேட்டை ரசிகை
உங்களுக்கு அது போதும் அண்ணா, எனக்குப் போதவில்லை. கெல்லோவேயாவது அந்தக் கூட்டத்தில் நின்று பார்க்கிறார். அந்த உயிர்காப்புக் கருவியைச் செய்த கம்பெனிக்காரன்? பேச்சோடு பேச்சாகக் கம்பெனியின் பெயர் வருகிறது, அதோடு சரி. எனக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அதில் கையெழுத்துப் போட்டது யார் என்றும் தெரிய வேண்டும்.